தூக்கப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்களா? அந்த ஓர் இரவில் என்ன நடக்கும்?

"குறட்டை விடுறவங்க நிம்மதியாத் தூங்குறாங்கப்பா, நமக்குத்தான் தூக்கம் போச்சு!" கல்யாண வீட்டிலோ ரயில் பயணத்திலோ இந்தக் கிண்டலை நீங்களும் கேட்டிருப்பீர்கள். உண்மை என்ன என்று பக்கத்தில் படுப்பவரைக் கேட்டுப் பாருங்கள். குறட்டைச் சத்தம் ஏறிக்கொண்டே போகும். திடீரென்று நின்றுவிடும். பத்து விநாடி, இருபது விநாடி, மூச்சே இருக்காது. பிறகு பெரிய திணறலோடு மூச்சு திரும்பும். மறுபடி குறட்டை. பார்த்துக்கொண்டிருப்பவருக்குத்தான் அடிவயிறு கலங்கும். தூங்குபவருக்குக் காலையில் எதுவும் ஞாபகம் இருக்காது. "எட்டு மணி நேரம் தூங்கினேன், ஆனா தூங்கின மாதிரியே இல்ல" என்று மட்டும் சொல்வார்.

இப்படிப்பட்டவரை டாக்டரிடம் அழைத்துப் போனால், "ஒரு நைட் ஸ்லீப் ஸ்டடி பண்ணிப் பார்த்திடலாம்" என்று சீட்டு எழுதிக் கொடுப்பார். அந்தச் சீட்டு பல வீடுகளில் மாதக்கணக்கில் பீரோவிலேயே கிடக்கிறது. காரணம் பயம். தலை முழுக்க ஒயர் ஒட்டுவார்களாமே, கேமரா வைப்பார்களாமே, புது இடத்தில் எப்படித் தூக்கம் வரும், தூங்காவிட்டால் கட்டின பணம் வீண்தானே?

அந்தச் சீட்டை பீரோவிலிருந்து வெளியே எடுக்க வைப்பதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம். முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். இது பாஸ், ஃபெயில் போடும் பரீட்சை அல்ல. அங்கே போய் நீங்கள் நன்றாகத் தூங்கிக் காட்ட வேண்டியதில்லை. எப்படித் தூங்குகிறீர்களோ, அப்படியே தூங்கினால் போதும்.

எதற்காக இந்தப் பரிசோதனை?

தூங்கும்போது நம் உடம்பின் தசைகள் எல்லாம் தளரும். தொண்டைத் தசையும் அப்படித்தான். சிலருக்கு அது அதிகமாகத் தளர்ந்து, காற்று போகும் பாதை குறுகிவிடும். குறுகிய பாதையில் காற்று உரசிப் போகும் சத்தம்தான் குறட்டை. பாதை முழுக்க மூடிக்கொண்டால் மூச்சு நிற்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். உடனே மூளை உஷாராகி, சில விநாடிகள் உங்களை எழுப்பித் தொண்டையைத் திறக்க வைக்கும். மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. இதற்குத்தான் 'ஸ்லீப் ஆப்னியா', அதாவது தூக்கத்தில் மூச்சு தடைபடுதல் என்று பெயர். கடுமையாக இருப்பவர்களுக்கு இது மணிக்கு 30 முறைக்கு மேல் நடக்கும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது உங்களைத் தட்டி எழுப்பினால் அந்தத் தூக்கம் எப்படி இருக்கும்? அதே கதைதான்.

இதைக் கவனிக்காமல் விட்டால் ரத்த அழுத்தம் ஏறும். இதயத் துடிப்பு தாறுமாறாவதற்கும், பக்கவாதத்துக்கும் வாய்ப்பு கூடும். மூன்று வகை மாத்திரை போட்டும் பிபி குறையவே மாட்டேன் என்கிறது என்றால், காரணம் இரவுத் தூக்கத்தில் ஒளிந்திருக்கலாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் உங்கள் வீட்டுக்கே வந்து பிபி, சுகர் மாத்திரை தருகிறார்கள் என்றால், அடுத்த முறை வரும்போது குறட்டை விஷயத்தையும் மறக்காமல் சொல்லுங்கள்.

இதைவிட அவசரமான ஆபத்து ஒன்று உண்டு. பகலில் கண் செருகுவது. நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போது அசந்துபோனால் பரவாயில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போது மூன்று விநாடி கண் மூடினால்? மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அந்த மூன்று விநாடியில் வண்டி 65 மீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். லாரி, பஸ், கார், ஆட்டோ ஓட்டுபவர்கள், உயரத்தில் வேலை பார்ப்பவர்கள், இயந்திரங்களோடு வேலை பார்ப்பவர்கள் இந்தச் சீட்டைத் தள்ளிப்போடவே கூடாது.

எட்டுக் கேள்விகள்: நீங்களே சரிபாருங்கள்

உலகம் முழுக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் 'ஸ்டாப்-பேங்' என்ற கேள்விப் பட்டியல் இது. ஒவ்வொரு 'ஆம்' பதிலுக்கும் ஒரு மதிப்பெண்.

1. மூடிய கதவைத் தாண்டிக் கேட்கும் அளவுக்குச் சத்தமாகக் குறட்டை விடுகிறீர்களா?
2. பகலில் அடிக்கடி சோர்வாக, தூக்கக் கலக்கமாக இருக்கிறதா?
3. தூக்கத்தில் உங்களுக்கு மூச்சு நின்றதை யாராவது பார்த்திருக்கிறார்களா?
4. ரத்த அழுத்தம் உண்டா, அல்லது அதற்கு மாத்திரை எடுக்கிறீர்களா?
5. உடல் நிறை குறியீடு 35-க்கு மேலா?
6. வயது 50-க்கு மேலா?
7. கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலா?
8. நீங்கள் ஆணா?

மதிப்பெண் 3 அல்லது 4 வந்தால் டாக்டரிடம் பேச வேண்டிய நிலை. 5 அல்லது அதற்கு மேல் வந்தால் தாமதிக்காதீர்கள். குறைவாக வந்தால் "அப்பாடா" என்று விட்டுவிடவும் வேண்டாம். ஒல்லியானவர்களுக்கும், தாடை சிறிதாக உள்ளவர்களுக்கும் இந்தப் பிரச்சினை வரும். பெண்களுக்குப் பெரிய குறட்டை இல்லாமல், காலைத் தலைவலி, சோர்வு, இரவில் அடிக்கடி விழிப்பு என்றுகூட இது வெளிப்படும். மாதவிடாய் நின்ற பிறகு அவர்களுக்கு வாய்ப்பு கூடுகிறது. குழந்தைகள் வாயைத் திறந்து தூங்கினால், தினமும் குறட்டை விட்டால், வகுப்பில் கவனம் சிதறினால் டான்சில், அடினாய்டு வீக்கமா என்று காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

உங்கள் செல்போன் என்ன செய்யும், என்ன செய்யாது?

டாக்டரைப் பார்க்கப் போகும் முன், வீட்டில் ஒருவரை ஒன்றிரண்டு நிமிட வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். குறட்டை ஏறி, நின்று, திணறி மூச்சு திரும்பும் அந்தக் காட்சி பத்து நிமிட விளக்கத்தைவிட டாக்டருக்கு உதவும். அது உங்கள் அந்தரங்கம். டாக்டரிடம் காட்டுங்கள், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டாம்.

போனில் உள்ள நோட்ஸில் இரண்டு வாரத்துக்கு ஒரு சிறு குறிப்பும் எழுதி வையுங்கள். எத்தனை மணிக்குப் படுத்தேன், எத்தனை மணிக்கு எழுந்தேன், இரவில் எத்தனை முறை எழுந்தேன், பகலில் எப்போது கண் செருகியது. இவ்வளவு போதும்.

கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்சும், குறட்டையைப் பதிவு செய்யும் ஆப்பும் ஒரு சந்தேகத்தைக் கிளப்பும். நோய் இருக்கிறது, இல்லை என்று தீர்ப்பு சொல்லாது. "என் வாட்ச்ல ஸ்லீப் ஸ்கோர் 85 வருது, எனக்கு ஒண்ணுமில்ல" என்று பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள்.

எங்கே போவது? என்ன கேட்பது?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நெஞ்சக நோய்ப் பிரிவு அல்லது காது-மூக்கு-தொண்டைப் பிரிவின் புறநோயாளி சீட்டு போட்டு முதலில் டாக்டரைப் பாருங்கள். பரிசோதனை தேவையா, எந்த வகை, எங்கே என்பதை அவர்கள் சொல்வார்கள். உங்கள் மாவட்டத்தில் எங்கே போகலாம் என்ற ஆலோசனைக்கு 104 எண்ணை அழைக்கலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், தேதி வாங்கும் முன்பே அந்த மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுத் திட்ட உதவி மையத்தில் காட்டி, உங்களுக்குச் சொல்லியிருக்கும் பரிசோதனையும் சிகிச்சையும் அதில் வருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800 425 3993.

தனியார் மையத்துக்குப் போவதாக இருந்தால், பணம் கட்டும் முன் இந்த ஐந்தையும் கேளுங்கள்.

- மூளை அலை உட்பட எல்லாவற்றையும் பதிவு செய்யும் முழுப் பரிசோதனையா, மூச்சை மட்டும் பார்க்கும் சுருக்கப் பரிசோதனையா?
- இரவு முழுக்க டெக்னீஷியன் விழித்திருந்து கவனிப்பாரா?
- பதிவை ஒரு டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டுத் தருவாரா, இயந்திரம் அச்சடித்த தாள் மட்டுமா?
- பாதி இரவில் மாஸ்க் வைத்துப் பார்த்தால் அதற்குத் தனிக் கட்டணமா?
- ரிப்போர்ட் எந்தத் தேதியில் கிடைக்கும்?

வீட்டிலேயே செய்யலாமா?

செய்யலாம், சிலருக்கு மட்டும். சிறிய கருவி ஒன்றைக் கொடுத்து அனுப்புவார்கள். மூக்கில் ஒரு குழாய், மார்பில் ஒரு பட்டை, விரலில் ஒரு கிளிப். மூச்சு, ஆக்சிஜன், நாடித் துடிப்பு பதிவாகும். வேறு பெரிய நோய் இல்லாத, ஸ்லீப் ஆப்னியா இருக்க அதிக வாய்ப்புள்ள பெரியவர்களுக்கு இது பொருந்தும்.

இதில் ஒரு குறை உண்டு. பொதுவாக இந்தக் கருவிகள் மூளை அலையைப் பதிவு செய்வதில்லை. அதனால் நீங்கள் உண்மையில் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று அதற்குத் தெரியாது. விழித்துக்கிடந்த நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுவதால், பிரச்சினை இருப்பதைவிடக் குறைவாகக் காட்டலாம். வீட்டுப் பரிசோதனையில் 'நார்மல்' என்று வந்தும் தொல்லை தொடர்ந்தால், ஆய்வகத்தில் முழு இரவுப் பரிசோதனை தேவைப்படும். இதய செயலிழப்பு, கடுமையான நுரையீரல் நோய், பக்கவாதம் உள்ளவர்களுக்கு முதலிலேயே ஆய்வகம்தான்.

அன்றைய பகல்: செய்ய வேண்டியது, கூடாதது

தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள். நம் ஊரில் இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சென்சார் ஒட்டாது, ஒட்டினாலும் நடு இரவில் கழன்றுவிடும். அன்று ஷாம்பு போட்டுத் தலைக்குக் குளித்து, நன்றாகக் காயவிட்டு வாருங்கள். ஜெல், கிரீம், பவுடர் வேண்டாம். பூ, ஹேர்பின் வேண்டாம். நகப்பூச்சு இருந்தால் அழித்துவிடுங்கள், விரலில் மாட்டும் ஆக்சிஜன் கிளிப் அதனால் தவறாகக் காட்டலாம். ஆண்கள் முகச்சவரம் செய்துகொண்டு வந்தால் நல்லது. தாடி வைத்திருப்பவர்கள், மூக்குத்தி போட்டிருப்பவர்கள் தேதி வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

மதியத்துக்குப் பிறகு காபி, டீ வேண்டாம். பகல் தூக்கம் வேண்டாம். மது கூடவே கூடாது, அது தொண்டைத் தசையை மேலும் தளர வைத்து முடிவையே மாற்றிவிடும். இரவுச் சாப்பாட்டை வழக்கம்போல, கொஞ்சம் முன்கூட்டியே முடித்துவிட்டு வாருங்கள். பட்டினி கிடக்கத் தேவையில்லை.

பிபி, சுகர், தைராய்டு மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். தூக்க மாத்திரையோ மனநல மருந்தோ எடுப்பவர்கள் அன்று எடுப்பதா, வேண்டாமா என்று டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சளி, காய்ச்சல், மூக்கடைப்பு இருந்தால் போன் செய்து தேதியை மாற்றிக்கொள்வது நல்லது.

பையில் என்னென்ன?

- தளர்வான பருத்தி உடை. மேல் ஒன்று, கீழ் ஒன்று என இரண்டாக இருந்தால் ஒயர் ஒட்ட வசதி. கைலி, டி-சர்ட் போதும். பெண்களுக்குச் சுடிதார் வசதி.
- பழகின தலையணை, போர்வை
- இரவிலும் காலையிலும் போட வேண்டிய மாத்திரைகள், மருந்துச் சீட்டு
- சுகர் உள்ளவர்களுக்கு இன்சுலின், கொறிக்க ஏதாவது
- பழைய ரிப்போர்ட்கள், ஆதார், காப்பீட்டு அட்டை
- துண்டு, பிரஷ், காலைக்கு மாற்றுடை

இரவு, மணி வாரியாக

இரவு 8 மணி அளவில் வரச் சொல்வார்கள். சிறிய அறை, ஒரு கட்டில், பெரும்பாலும் இணைந்த கழிப்பறை. ஐசியூ மாதிரி இருக்கும் என்று நினைக்காதீர்கள். சாதாரண லாட்ஜ் அறை மாதிரிதான் இருக்கும். வந்ததும் சில கேள்விகள் கேட்டு, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். வீடியோ பதிவாகும் என்பதும் அதில் இருக்கும். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அடுத்து ஒயர் ஒட்டும் வேலை. இதற்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். ஊசி கிடையாது, ரத்தம் எடுப்பது கிடையாது. பசை போட்டு ஒட்டுவதுதான்.

- தலையில் சில இடங்களில்: மூளை அலையைப் பார்க்க. நீங்கள் விழித்திருக்கிறீர்களா, லேசான தூக்கமா, ஆழ்ந்த தூக்கமா, கனவுத் தூக்கமா என்று இதில்தான் தெரியும்.
- கண் ஓரங்களில்: கண் அசைவைப் பார்க்க. கனவுத் தூக்கத்தில் கண்கள் வேகமாக அசையும்.
- தாடையிலும் இரண்டு கால்களிலும்: தசை அசைவைப் பார்க்க.
- மார்பில்: இதயத் துடிப்பைப் பார்க்க.
- மூக்கடியில் மெல்லிய குழாய்: காற்று வந்து போவதைப் பார்க்க.
- மார்பிலும் வயிற்றிலும் இரண்டு பெல்ட்: மூச்சுக்கு முயற்சி நடக்கிறதா என்று பார்க்க.
- விரலில் கிளிப்: ஆக்சிஜன் அளவு. கொரோனா நேரத்தில் வீட்டில் வைத்துப் பார்த்தோமே, அதே வகைதான்.

"ஷாக் அடிக்குமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்பவர்கள் உண்டு. அடிக்காது. இந்த ஒயர்கள் உங்கள் உடம்பிலிருந்து வரும் சிக்னலைக் கேட்டுக்கொள்ள மட்டும்தான், உடம்புக்குள் எதையும் அனுப்புவதில்லை. எல்லா ஒயரையும் சடை மாதிரி ஒன்றாகச் சேர்த்துக் கட்டி, ஒரு சின்னப் பெட்டியில் சொருகிவிடுவார்கள். புரண்டு படுக்கலாம்.

படுத்ததும் டெக்னீஷியன் பக்கத்து அறையிலிருந்து ஸ்பீக்கரில் பேசுவார். "மேலே பாருங்க, கீழே பாருங்க, கண்ணை மூடித் திறங்க, பல்லைக் கடிங்க, பாதத்தை ஆட்டுங்க, கொஞ்ச நேரம் மூச்சைப் பிடிங்க." எல்லாச் சென்சாரும் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனை இது. பத்து மணி, பத்தரை வாக்கில் விளக்கை அணைப்பார்கள். செல்போனை அதற்கு முன்பே சைலன்ட்டில் போட்டு எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள்.

அறையில் இருட்டிலும் படம் பிடிக்கும் கேமரா இருக்கும். தூக்கத்தில் கை கால் உதைக்கிறீர்களா, எந்தப் பக்கம் படுக்கும்போது மூச்சு நிற்கிறது, எழுந்து நடக்கிறீர்களா என்று பார்க்கத்தான். உடை மாற்றும்போது பதிவு நடக்கக் கூடாது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பெண்கள், ஒயர் ஒட்டப் பெண் பணியாளர் வேண்டும் என்று தேதி வாங்கும்போதே சொல்லுங்கள். துணைக்கு ஒருவர் தங்கலாமா என்றும் கேளுங்கள். குழந்தைக்குப் பரிசோதனை என்றால் அம்மா அல்லது அப்பா கூடவே இருக்க வேண்டும்.

நடு இரவில் பாத்ரூம் வந்தால்? அடக்கிக்கொண்டு படுத்திருக்க வேண்டாம். "சார், பாத்ரூம் போகணும்" என்று சத்தமாகச் சொன்னால் போதும், மைக்கில் கேட்கும். டெக்னீஷியன் வந்து ஒரே ஒரு கேபிளைக் கழற்றி, பெட்டியை உங்கள் கையில் கொடுத்துவிடுவார். போய்விட்டு வந்து படுக்கலாம். சென்சார் ஏதாவது கழன்றால், நீங்கள் தூங்கும்போதே மெதுவாக வந்து ஒட்டிவிட்டுப் போவார். பயந்து எழ வேண்டாம். சில நேரம் "கொஞ்ச நேரம் மல்லாந்து படுங்க" என்று சொல்வார். மல்லாந்து படுக்கும்போது பலருக்கு அடைப்பு கூடும், அதையும் பதிவு செய்யத்தான்.

"எனக்குத் தூக்கமே வரலைன்னா?"

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. புது இடம், உடம்பெல்லாம் ஒயர். வீட்டைப் போலத் தூக்கம் வராதுதான். இது மருத்துவர்களுக்குத் தெரியும், இதற்கு 'முதல் இரவு விளைவு' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இதையும் மனதில் வைத்துத்தான் ரிப்போர்ட்டைப் படிப்பார்கள். சில மணி நேரத் தூக்கம் கிடைத்தாலே பெரும்பாலும் போதுமான விவரம் வந்துவிடும். "ராத்திரி முழுக்க நான் தூங்கவே இல்ல டாக்டர்" என்று சொல்பவர்களின் பதிவில் நாலைந்து மணி நேரத் தூக்கம் இருப்பதும் உண்டு. மூச்சு அடைபட்டு அடைபட்டு விழிப்பவருக்குத் தூங்கியதே தெரிவதில்லை.

அதிகாலை நான்கு மணிக்கு விழிப்பு வந்தால் "போதும், கழற்றிவிடுங்கள்" என்று சொல்லிவிடாதீர்கள். கனவுத் தூக்கம் இரவின் பின்பாதியில்தான் அதிகம். அப்போதுதான் தசைகள் மிகவும் தளரும், பலருக்கு அடைப்பு உச்சத்துக்குப் போகும். அந்தக் கடைசி இரண்டு மணி நேரம் மிக முக்கியம்.

பாதி இரவில் மாஸ்க் மாட்டினால்

முதல் இரண்டு மூன்று மணி நேரத்திலேயே கடுமையான அடைப்பு தெரிந்தால், டெக்னீஷியன் உங்களை எழுப்பி மூக்கில் ஒரு மாஸ்க் மாட்டலாம். "ஏதோ ஆகிப்போச்சு" என்று பயப்பட வேண்டாம். அது 'சி-பாப்' என்ற கருவி. மெல்லிய அழுத்தத்தில் காற்றை அனுப்பி, தொண்டை மூடாமல் தாங்கிப் பிடிக்கும். 1981-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் டாக்டர் காலின் சல்லிவன் குழு இந்த முறையை வெளியிட்டது. இன்றும் கடுமையான ஸ்லீப் ஆப்னியாவுக்கு முதல் சிகிச்சை இதுதான்.

உங்களுக்கு எந்த அளவு அழுத்தம் சரி என்று அன்றே பார்த்துவிட்டால் இன்னொரு இரவு வர வேண்டியிருக்காது. அதனால் படுப்பதற்கு முன்பே, "ஒருவேளை மாஸ்க் வைப்பதாக இருந்தால் இப்பவே ஒருமுறை மாட்டிக் காட்டுங்க" என்று கேளுங்கள். விழித்திருக்கும்போது பழகிவிட்டால் நடு இரவில் திணறல் இருக்காது.

காலையில்

ஐந்தரை, ஆறு மணிக்கு எழுப்புவார்கள். ஒயர்களைக் கழற்றப் பத்து நிமிடம். தலையில் ஒட்டிய பசை வெந்நீரும் ஷாம்புவும் போட்டால் போய்விடும். அன்றே வேலைக்குப் போகலாம். ஆனால் தூக்கக் கலக்கம் இருந்தால் நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். யாரையாவது வரச் சொல்லுங்கள், அல்லது பஸ்ஸில் போங்கள்.

"எப்படி இருக்கு?" என்று டெக்னீஷியனிடம் கேட்டால் அவர் சொல்ல மாட்டார். கோபப்பட வேண்டாம், சொல்ல அவருக்கு அனுமதி இல்லை. உங்கள் இரவை 30 விநாடித் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். எட்டு மணி நேரப் பதிவு என்றால் 960 துண்டுகள். அதனால்தான் ரிப்போர்ட் வரச் சில நாள் ஆகிறது.

ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது?

பல பக்கம் இருக்கும். நீங்கள் முதலில் தேட வேண்டியது 'ஏ.எச்.ஐ.' என்ற எண். பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றதும், குறைந்ததும் ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக எத்தனை முறை என்பதுதான் அது. ஆறு மணி நேரத் தூக்கத்தில் 180 முறை என்றால் ஏ.எச்.ஐ. 30.

பெரியவர்களுக்கு:

- 5-க்குக் கீழ்: இயல்பு
- 5 முதல் 15-க்குள்: லேசானது
- 15 முதல் 30-க்குள்: நடுத்தரம்
- 30-ம் அதற்கு மேலும்: கடுமையானது

குழந்தைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மணிக்கு ஒன்றைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும்.

இந்த எண்ணோடு, ஆக்சிஜன் எந்த அளவுக்கு இறங்கியது, மல்லாந்து படுத்தபோது எத்தனை, பக்கவாட்டில் எத்தனை என்பதையும் டாக்டரிடம் கேளுங்கள். ரிப்போர்ட் உங்கள் உரிமை. மருத்துவ ஆவணங்களை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறைகள் சொல்கின்றன. வாங்கியதும் போனில் ஸ்கேன் செய்து வையுங்கள். 14 இலக்க 'ஆபா' எண் இருந்தால் அதிலும் இணைத்து வைக்கலாம். பின்னாளில் எந்த ஆபரேஷனாக இருந்தாலும், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் "எனக்கு ஸ்லீப் ஆப்னியா இருக்கு" என்று கட்டாயம் சொல்லுங்கள்.

அடுத்து என்ன?

லேசான பிரச்சினை என்றால் எடையைக் குறைப்பது, பக்கவாட்டில் படுப்பது, மதுவை விடுவது, மூக்கடைப்புக்குச் சிகிச்சை என்று தொடங்குவார்கள். சிலருக்குத் தாடையை முன்னே இழுத்துப் பிடிக்கும் பல் கருவி, சிலருக்கு அறுவை சிகிச்சை. நடுத்தரம், கடுமை என்றால் பெரும்பாலும் சி-பாப்.

கருவியை ஆன்லைனில் தள்ளுபடி பார்த்து அவசரமாக வாங்காதீர்கள். டாக்டர் எழுதித் தரும் அழுத்த அளவு வேண்டும். சில நாள் வீட்டில் வைத்துப் பார்க்கத் தருகிறார்களா என்று கேளுங்கள். மாஸ்க் உங்கள் முகத்துக்குச் சரியாகப் பொருந்த வேண்டும், பொருந்தாத மாஸ்க்கால் கருவியைக் கைவிடுபவர்கள் உண்டு. பில்லும் வாரன்டி அட்டையும் வாங்குங்கள். ஏமாற்றம் நேர்ந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

"கரண்ட் போனா மூச்சு முட்டாதா?" முட்டாது. மாஸ்க்கில் காற்று வெளியேறத் துளைகள் உண்டு. கரண்ட் நின்றால் மாஸ்க்கைக் கழற்றிவிட்டுப் பக்கவாட்டில் படுங்கள். அடிக்கடி மின்தடை வரும் இடம் என்றால் கருவியை இன்வெர்ட்டரில் போட முடியுமா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும். பகலில் டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் மாட்டிப் பழகுங்கள். பிறகு இரவில். தினமும் குறைந்தது நான்கு மணி நேரமாவது போட வேண்டும், இரவு முழுக்கப் போட்டால்தான் முழுப் பலன். பல வருடமாகத் தலை பாரத்தோடு எழுந்தவர் ஒருநாள் காலையில் லேசாக எழுந்திருப்பதை வீட்டில் உள்ளவர்கள்தான் முதலில் கவனிப்பார்கள். பக்கத்தில் படுத்து, மூச்சு திரும்புகிறதா என்று இருட்டில் எண்ணிக்கொண்டிருந்தவருக்கும் அன்றுதான் நிம்மதியான தூக்கம்.

பீரோவில் சீட்டு இருக்கிறதா? இன்றே எடுத்துத் தேதி வாங்குங்கள். இழப்பது ஓர் இரவின் வசதி மட்டும்தான்.

நினைவில் வைக்க

- மருத்துவ ஆலோசனை: 104
- காப்பீட்டுத் திட்ட விவரம்: 1800 425 3993
- நெஞ்சு வலி, கடும் மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கை கால் செயலிழப்பு என்றால் பரிசோதனைக்குக் காத்திருக்காமல் உடனே 108
- கண் செருகினால் வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். ஜன்னலைத் திறப்பதும் பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவதும் தூக்கத்தை விரட்டாது.